கணிதமும் பட்டறையும் ஒரே கூரையின் கீழ்: புரூக்ளின் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளியின் நூறாண்டு

(ஆசிரியர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று உங்கள் முன் ஒரு பள்ளிக்கூடத்தின் கதையைச் சொல்ல வந்திருக்கிறேன். நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில், ஃபோர்ட் கிரீன் பூங்காவுக்கு எதிரே அது இருக்கிறது. புரூக்ளின் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி என்பது அதன் முழுப் பெயர். ஊர் மக்களுக்கு அது 'புரூக்ளின் டெக்'. 1922இல் தொடங்கிய அரசுப் பள்ளி. கட்டணம் கிடையாது. இன்று அங்கே சுமார் 6,000 பிள்ளைகள் படிக்கிறார்கள்.

உலகத்தில் எத்தனையோ பழைய பள்ளிகள் இருக்க, இந்த ஒன்றை ஏன் எடுத்துக்கொண்டேன் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. பதினான்கு வயதுப் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து, 'நீ படிக்கப் போ, நீ தொழில் கற்கப் போ' என்று பிரித்து அனுப்புகிற வழக்கம் பல நாடுகளில் உண்டு. அப்படிப் பிரிக்க வேண்டியதில்லை என்று சொல்லிப் பிறந்த பள்ளி இது. முக்கோணவியலும் வார்ப்படமும் ஒரே பையனுக்கு, ஒரே நாளில், ஒரே கட்டடத்தில் என்பதுதான் அதன் கொள்கை. அந்தக் கொள்கை எங்கிருந்து வந்தது, எப்படி ஓங்கி நின்றது, எந்த வழியாகக் கரைந்தது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

கதை அமெரிக்காவில் தொடங்கவில்லை, மாஸ்கோவில் தொடங்குகிறது. அங்கே பேரரசுத் தொழில்நுட்பப் பள்ளி என்று ஒன்று இருந்தது. விக்தர் டெல்லா-வோஸ் அதன் இயக்குநர். அதுவரை தொழில் கற்பது என்றால் ஒரு மேஸ்திரியிடம் போய்ச் சேர வேண்டும். அவர் செய்வதைப் பார்க்க வேண்டும், ஏவுகிற வேலையைச் செய்ய வேண்டும், பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். கற்றுக்கொடுப்பது மேஸ்திரியின் முதல் வேலை அல்ல, பொருளைச் செய்து முடிப்பதுதான் அவருடைய வேலை. டெல்லா-வோஸும் அவருடைய உடன் ஆசிரியர்களும் 1868 வாக்கில் இதை மாற்றினார்கள். கற்கும் பட்டறையை, பொருள் செய்யும் பட்டறையிலிருந்து தனியே பிரித்தார்கள். அரம் போடுவது, உளி பிடிப்பது, கடைசல், கொல்லுலை வேலை என ஒவ்வொரு தொழிலையும் அதன் அடிப்படைச் செயல்களாகப் பிரித்து, எளியது முதலில், கடினமானது பின்னால் என்று பாடமாக வரிசைப்படுத்தினார்கள். ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு வரைபடம். மாணவன் வரைபடத்தைப் படித்து, அந்த அளவுக்குச் செய்து காட்டினால்தான் அடுத்த பயிற்சி. கைத்தொழிலுக்கும் ஒரு பாடத்திட்டம் எழுத முடியும் என்று அவர்கள் நிறுவினார்கள்.

1876இல் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சிக்கு இந்தப் பயிற்சி மாதிரிகள் வந்தன. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் தலைவராக இருந்த ஜான் ரங்கிள் அவற்றைப் பார்த்தார். தம் கழகத்தில் எது குறைகிறது என்று அவருக்கு உடனே புரிந்தது. ஊருக்குத் திரும்பியதும் அதே முறையில் பட்டறைப் பாடம் தொடங்க ஏற்பாடு செய்தார்.

மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் கால்வின் உட்வர்ட் என்ற கணிதப் பேராசிரியர் வேறொரு வழியில் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். இயந்திரவியலை விளக்குவதற்காகத் தம் மாணவர்களை மரத்தில் மாதிரிகள் செய்யச் சொன்னார். சமன்பாட்டைத் தீர்க்கத் தெரிந்த அந்தப் பிள்ளைகளுக்கு ரம்பமும் இழைப்புளியும் பிடிக்கத் தெரியவில்லை. அங்கிருந்து பிறந்தது கைப்பயிற்சிப் பள்ளி என்ற எண்ணம். 1879இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கீழ் நிறுவப்பட்ட அந்தப் பள்ளி 1880இல் வகுப்புகளைத் தொடங்கியது. கணிதம், அறிவியல், மொழி, வரைபடம், பட்டறை ஆகிய ஐந்தும் ஒரே பையனுக்கு. அவனை ஒரு தொழிலாளியாக்கி அனுப்புவது உட்வர்டின் நோக்கம் அல்ல. கையைப் பழக்காத கல்வி அரைக் கல்வி என்பது அவருடைய உறுதியான கருத்து.

அடுத்த முப்பது ஆண்டுகளில் இந்த எண்ணம் அமெரிக்க நகரங்களில் பரவியது. 1894இல் புரூக்ளினில் ஒரு கைப்பயிற்சி உயர்நிலைப் பள்ளி வந்தது. 1904இல் மன்ஹாட்டனில் ஸ்டைவசண்ட் பள்ளி, 1908இல் சிகாகோவில் லேன் பள்ளி. இன்று கணித, அறிவியல் மேதைகளின் பள்ளி என்று பெயர் பெற்றிருக்கும் ஸ்டைவசண்டும் பையன்களுக்கான கைப்பயிற்சிப் பள்ளியாகத்தான் பிறந்தது என்பதை நினைவில் வையுங்கள். அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

இதற்கிடையில் ஒரு பெரிய வாதம் எழுந்தது. ஆலைகள் பெருகிக்கொண்டிருந்த காலம். ஆள் வேண்டும், சீக்கிரம் வேண்டும் என்பது தொழிலதிபர்களின் குரல். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கல்வி ஆணையராக இருந்த டேவிட் ஸ்னெடன், தொழிற்கல்வியைத் தனிப் பாதையாகவே நடத்த வேண்டும் என்றார். தத்துவ அறிஞர் ஜான் டூயி அதை எதிர்த்தார். தொழில் கற்பது கல்விக்கு நல்லது, ஆனால் தொழிலாளிகளின் பிள்ளைகளைத் தனியே பிரித்து இருக்கிற ஆலைகளுக்கு ஏற்ற ஆட்களாக மட்டும் செதுக்குவது குடியாட்சிக்கு ஆகாது என்பது அவருடைய வாதத்தின் சாரம். 1917 பிப்ரவரியில் ஸ்மித்-ஹியூஸ் சட்டம் வந்தது. தொழிற்கல்விக்குக் கூட்டாட்சி அரசின் பணம் முதன்முறையாகப் பள்ளிகளுக்கு ஓடி வந்தது, ஆனால் தனிக் கால்வாயில் ஓடி வந்தது. தொழிற்பாடத்தில் குறைந்தது பாதி நேரம் செய்முறை வேலைக்கே போக வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே வந்தது. நோக்கம் நல்லதாக இருக்கலாம். விளைவு, தொழில் படிக்கிற பிள்ளைக்கு மற்றப் பாடங்களுக்கான நேரம் குறுகியது. இரண்டு பாதைகள் கல்லில் பதிந்தன.

புரூக்ளின் டெக்கின் பெருமை இந்த இடத்தில்தான் இருக்கிறது. சட்டம் வந்த அடுத்த ஆண்டு, 1918இல், புரூக்ளின் கைப்பயிற்சிப் பள்ளியின் கணிதத் துறைத் தலைவர் ஆல்பர்ட் கோல்ஸ்டன் ஒரு திட்டத்தை முன்வைத்தார். கணிதம், அறிவியல், தொழில்நுட்ப வரைபடம் மூன்றையும் அழுத்தமாகக் கற்பிக்கும் ஒரு பள்ளி வேண்டும். அங்கே படிக்கும் பையன் கல்லூரிக்கும் போகலாம், நேரே தொழிற்சாலைக்கும் போகலாம். எந்தப் பக்கம் போவது என்பதை அவன் தீர்மானிக்கட்டும், அவனுக்காகப் பள்ளி தீர்மானிக்க வேண்டாம். இதையும் ஒரு கணித ஆசிரியர்தான் கேட்டார் என்பதைக் கவனியுங்கள். உட்வர்டும் கணிதக்காரர், கோல்ஸ்டனும் கணிதக்காரர். பட்டறைக்காக வாதாடியவர்கள் பட்டறைக்காரர்கள் மட்டும் அல்ல. கணிதம் கரும்பலகையோடு நின்றுவிட்டால் வாடிவிடும் என்று உணர்ந்த கணித ஆசிரியர்களும் வாதாடினார்கள்.

நான்கு ஆண்டு போராட்டத்துக்குப் பிறகு நகரக் கல்வி வாரியம் இசைந்தது. 1922இல் ஃபிளாட்புஷ் அவென்யூ விரிவாக்கச் சாலையில், பள்ளியாக மாற்றப்பட்ட ஒரு கிடங்குக் கட்டடத்தில், 2,400 மாணவர்களோடு புரூக்ளின் டெக் தொடங்கியது. மன்ஹாட்டன் பாலத்தின் நிழல் விழுகிற இடம் அது. அதனால்தான், உலகப் புகழ் பெற்ற புரூக்ளின் பாலத்தை விட்டுவிட்டு, மன்ஹாட்டன் பாலத்தைப் பள்ளி தன் முத்திரையில் வைத்துக்கொண்டது. கோல்ஸ்டனே முதல் தலைமையாசிரியர். 1942 வரை, இருபது ஆண்டுகள், அந்தப் பொறுப்பில் இருந்தார்.

கிடங்கில் எத்தனை நாள் பள்ளி நடத்த முடியும்? 1930இல் ஃபோர்ட் கிரீனில் புதுக் கட்டடத்துக்கு மண் வெட்டினார்கள். பெரும் பொருளாதார வீழ்ச்சி நாட்டை அழுத்திக்கொண்டிருந்த நேரம். வேலையில்லாதவர்கள் ரொட்டிக்கு வரிசையில் நின்ற அந்த ஆண்டுகளில், ஒரு நகரம் தன் பிள்ளைகளுக்காக ஏறத்தாழ 60 லட்சம் டாலர் செலவில் பன்னிரண்டு மாடிப் பள்ளியைக் கட்டி எழுப்பியது. 1933இல் அது திறந்தது. மூவாயிரம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய, இரண்டு மாடங்கள் கொண்ட அரங்கம், நீச்சல் குளம், மரப் பட்டறை, இயந்திரப் பட்டறை, தகட்டு வேலைக்கூடம், பொருள்களின் வலிமையைச் சோதிக்கும் ஆய்வகம், விமானவியல் ஆய்வகம் எல்லாம் அதற்குள் இருந்தன. 1930களின் இறுதியில் கல்வி வாரியத்தின் வானொலி நிலையமும் அங்கே வந்தது. கூரையின் மேல் அதன் ஒலிபரப்புக் கோபுரம் எழுந்தது.

ஏழாவது மாடியில் வார்ப்படக்கூடம். நம் ஊர்ப் பக்கம் பவுண்டரி என்று சொல்வோமே, அதுதான். தரை முழுக்க அச்சு மணல். அந்தப் பள்ளியின் இதயம் அங்கேதான் இருந்தது என்று நான் நினைக்கிறேன். சற்று நின்று அதைப் பார்ப்போம்.

ஓர் இரும்புப் பாகத்தை வார்க்க வேண்டும் என்று வையுங்கள். முதலில் வரைபட வகுப்பில் அதை மூன்று கோணங்களில் வரைய வேண்டும். அடுத்து மரப் பட்டறையில் அதன் பேட்டர்னைச் செய்ய வேண்டும். பேட்டர்ன் என்பது வார்க்கப்போகும் பொருளின் மர உருவம். அதை வரைபடத்தில் உள்ள அளவுக்கே செய்துவிட்டால் வேலை கெட்டுவிடும். உருகிய இரும்பு குளிரும்போது சுருங்கும். வார்ப்பிரும்பு ஓர் அடிக்கு ஏறத்தாழ அரைக்கால் அங்குலம் சுருங்கும். எனவே அந்த அளவைக் கூட்டித்தான் பேட்டர்ன் செய்ய வேண்டும். பிறகு லேத்தில் சீவி எடுக்க வேண்டிய பக்கங்களுக்கு இன்னும் கொஞ்சம் கூட்ட வேண்டும். மணலிலிருந்து பேட்டர்னை உருவும்போது ஓரங்கள் உதிராமல் இருக்க, பக்கங்களுக்கு இலேசான சாய்வும் கொடுக்க வேண்டும். இத்தனையும் கணக்கு. ஆனால் விடைத்தாளில் எழுதி முடித்துவிடுகிற கணக்கு அல்ல.

பிறகு மணல். ஈரம் குறைந்தால் அச்சு உதிரும். ஈரம் மிஞ்சினால் உலோகம் பட்டதும் நீராவி எழுந்து வார்ப்பில் துளை விழும். கையில் ஒரு பிடி எடுத்து இறுக்கி, உடைத்துப் பார்த்துத்தான் பதம் அறிய வேண்டும். எந்தப் புத்தகமும் அந்தப் பதத்தை விரலுக்குச் சொல்லித் தராது. அச்சைக் கட்டி, காற்று வெளியேற வழி விட்டு, உலோகத்தை ஊற்றி, ஆறவிட்டு, உடைத்து எடுத்து, இயந்திரப் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சீவி, கடைசியில் அளவுகோலை வைத்துப் பார்க்கிற நேரம் வரும். அப்போது அந்தப் பையன் வாரக்கணக்கில் செய்த கணக்கு சரியா தவறா என்று பொருளே சொல்லிவிடும். ஆசிரியர் சிவப்பு மையை எடுக்க வேண்டிய தேவையே இல்லை. இயற்பியல், வேதியியல், வடிவியல், கைப்பதம் நான்கும் ஓர் இரும்புத் துண்டில் சந்திக்கின்றன. அதைக் கையில் வைத்துப் பார்த்த பிள்ளைக்கு, படிப்பு வேறு தொழில் வேறு என்று யார் சொன்னாலும் மனம் ஒப்பாது.

அந்தப் பள்ளியின் முகப்புக்கூடத்தில் ஒரு பெரிய சுவரோவியம் உண்டு. பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் கலைஞர்களுக்கு வேலை தந்த அரசுத் திட்டத்தின் கீழ், மாக்ஸ்வெல் ஸ்டார் என்ற ஓவியர் 1941இல் அதை முடித்தார். மூளை உழைப்பு, உடல் உழைப்பு ஆகிய இரண்டின் வழியே மனிதகுல வரலாறு என்பது அதன் பொருள். பள்ளிக்குள் நுழையும் ஒவ்வொரு மாணவனும் இரண்டு உழைப்பையும் ஒரே சுவரில் பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போனான்.

அங்கே யார் படித்தார்கள்? குடியேறிகளின் பிள்ளைகள், தையல்காரர்களின் பிள்ளைகள், கூலிக்காரர்களின் பிள்ளைகள். தொடக்கக் கால மாணவர்களில் ஒருவர் ஜார்ஜ் வால்ட். யூதக் குடியேறிகளின் மகன். கண்ணின் விழித்திரையில் வைட்டமின் ஏ இருப்பதைக் கண்டு, நாம் எப்படிப் பார்க்கிறோம் என்பதன் வேதியியலை விளக்கினார். 1967இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

இன்னொருவர் ஆர்னோ பென்சியாஸ். 1933இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் பிறந்த யூதக் குழந்தை. நாஜிகளிடமிருந்து தப்புவதற்காக ஆறு வயதில் தம்பியோடு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, அங்கே பெற்றோரோடு சேர்ந்து 1940இல் நியூயார்க் வந்தார். அவருடைய தந்தை அங்கே மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் தச்சுப் பட்டறையில் வேலை பார்த்தார். மகன் 1951இல் புரூக்ளின் டெக்கில் படித்து முடித்தார். பின்னாளில் ராபர்ட் வில்சனோடு சேர்ந்து, நியூஜெர்சியில் பெல் ஆய்வகத்தின் கொம்பு வடிவ ஆண்டெனாவில் ஓர் ஓயாத இரைச்சலைக் கேட்டார். எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. இருவரும் ஆண்டெனாவுக்குள் கூடு கட்டியிருந்த புறாக்களை விரட்டினார்கள், எச்சத்தைச் சுரண்டித் துடைத்தார்கள், ரிவெட் இணைப்புகளின் மேல் அலுமினிய நாடா ஒட்டினார்கள். கருவியின் குற்றம் ஒவ்வொன்றையும் நீக்கிய பிறகும் இரைச்சல் ஓயவில்லை. பேரண்டம் பிறந்த காலத்து வெப்பத்தின் மிச்சம் அது என்று 1965இல் உலகம் அறிந்தது. 1978இல் இருவருக்கும் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அந்தப் பொறுமையை ஒரு பள்ளி மட்டுமே தந்தது என்று சொல்வது மிகை. ஆனால் கருவியைத் தொட்டு, பிரித்து, துடைத்துப் பார்க்கக் கூசாத ஒரு கல்வி, பேரறிஞனுக்கும் தேவைப்படுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இனி மாற்றங்களுக்கு வருவோம்.

முதல் மாற்றம் மகிழ்ச்சிக்குரியது. அரை நூற்றாண்டுக்கு அங்கே பையன்கள் மட்டும்தான். 1969இல் ஸ்டைவசண்ட் பள்ளியின் கதவு ஒரு மாணவியின் வழக்கால் திறந்தது. அந்தப் பெண் அப்போது படித்துக்கொண்டிருந்த பள்ளி எது தெரியுமா? கோல்ஸ்டன் ஒரு காலத்தில் கணிதம் சொல்லிக்கொடுத்த, பின்னர் ஜான் ஜே என்று பெயர் மாறிய அதே புரூக்ளின் கைப்பயிற்சிப் பள்ளி. 1970இல் புரூக்ளின் டெக்கும் மாணவிகளைச் சேர்த்தது. கையும் மூளையும் சேர வேண்டும் என்று சொன்ன பள்ளி, அந்தக் கொள்கையைப் பாதி மனித இனத்துக்கு மறுத்து வந்தது பெரும் அநீதி. அது நீங்கியது நியாயம்.

இரண்டாவது மாற்றம் 1971இல் வந்த ஹெக்ட்-கலாண்ட்ரா சட்டம். ஸ்டைவசண்ட், பிராங்ஸ் அறிவியல் பள்ளி, புரூக்ளின் டெக் மூன்றிலும் நுழைவுத் தேர்வு ஒன்றின் அடிப்படையில்தான் சேர்க்கை என்று நியூயார்க் மாநிலம் சட்டமாக்கியது. 1980களின் தொடக்கத்தில் புரூக்ளின் டெக்கின் மாணவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் கறுப்பினத்தவர். இன்று அவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. மறுபுறம், இன்று அங்கே படிப்பவர்களில் பெரும்பான்மையோர் ஆசியக் குடியேறிகளின் பிள்ளைகள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் வருமானம் குறைந்த குடும்பங்களிலிருந்து வருகிறவர்கள். தேர்வை நீக்க வேண்டும் என்று ஒரு மேயர் 2018இல் முன்வைத்த திட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறவில்லை. ஏழைப் பிள்ளைக்கு ஏணியாக இருப்பதும் தேர்வுதான், இன்னோர் ஏழைப் பிள்ளைக்குச் சுவராக இருப்பதும் தேர்வுதான். இரண்டையும் ஒருசேரப் பார்க்கிறவர்களால்தான் இந்தச் சிக்கலை நேர்மையாகப் பேச முடியும்.

மூன்றாவது மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. வார்ப்படக்கூடம் போயிற்று. பட்டறைகள் பல வகுப்பறைகளாகவும் கணினிக் கூடங்களாகவும் மாறின. வரைபலகையின் இடத்தைக் கணினித் திரை பிடித்தது. மாணவர்கள் முதல் இரண்டு ஆண்டுக்குப் பிறகு ஒரு சிறப்புப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் பழைய முறை இன்றும் இருக்கிறது. விமானவியல், கட்டடக்கலை, இயந்திர மின்னணுவியல் உண்டு. கூடவே சட்டமும் சமூகமும் என்ற பிரிவும் உண்டு. புரூக்ளின் டெக் தன் பெயரை முழுக்க மறந்துவிடவில்லை. ஆனால் இன்று ஒரு பெற்றோர் தம் பிள்ளையை அங்கே சேர்க்கத் துடிப்பது மணல் அச்சுக்காக அல்ல, பெரிய பல்கலைக்கழகத்தின் வாசலுக்காக. ஸ்டைவசண்டுக்கு நேர்ந்ததும் அதுதான், சிகாகோ லேனுக்கு நேர்ந்ததும் அதுதான்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. இந்தப் பள்ளிகள் தோற்றுப்போய்ப் பட்டறையை இழக்கவில்லை. வென்றதால் இழந்தன. நன்றாகக் கற்பித்தார்கள், நல்ல மாணவர்கள் வந்தார்கள், மதிப்பு உயர்ந்தது. மதிப்பு உயர்ந்ததும், கைவேலைக்கு மதிப்புத் தராத சமூகம் அந்தப் பள்ளிகளுக்குள் நுழைந்து, தனக்கு வேண்டாததை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தது. 1917இல் ஆலைகளின் அவசரம் கையையும் மூளையையும் பிரித்தது. பிந்திய காலத்தில் அந்தஸ்தின் ஆசை பிரித்தது. முதல் பிரிவினையில் ஏழைப் பிள்ளையின் பாடப்புத்தகம் சுருங்கியது. இரண்டாவதில் கெட்டிக்காரப் பிள்ளையின் கை சும்மா இருக்கப் பழகியது.

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. அதே நியூயார்க்கில், குயின்ஸ் பகுதியில் விமானத் தொழில் உயர்நிலைப் பள்ளி ஒன்று உண்டு. அங்கே மாணவர்கள் உண்மையான விமானங்களின் மேல் வேலை செய்து பழகுகிறார்கள். அமெரிக்க அரசின் விமானப் போக்குவரத்து நிர்வாகம் அங்கீகரித்த பயிற்சி அது. பள்ளிச் சான்றிதழோடு விமானப் பராமரிப்பு உரிமத்துக்கான தகுதியையும் பெறலாம். கல்லூரிக்குப் போகவும் தடை இல்லை. இத்தனைக்கும் புரூக்ளின் டெக்கின் புகழில் கால் பங்கு அதற்குக் கிடையாது. அந்தப் புகழின்மைதான் அதன் பட்டறையைக் காப்பாற்றி வைத்திருக்கிறதோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அப்படியென்றால் அது அந்தப் பள்ளியின் குறை அல்ல, புகழை எதற்குத் தருகிறோம் என்று தெரியாத சமூகத்தின் குறை.

ஆசிரியப் பெருமக்களே, பழைய வார்ப்படக்கூடத்தை அப்படியே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் வாதாடவில்லை. உலை மாறலாம், கருவி மாறலாம். இன்றைய பிள்ளை மணலுக்குப் பதில் சர்க்யூட் போர்டைத் தொடலாம், லேத்துக்குப் பதில் கணினி இயக்கும் இயந்திரத்தை ஓட்டலாம். மாறக் கூடாதது ஒன்று உண்டு. தான் போட்ட கணக்கைத் தானே பொருளாகச் செய்து, அந்தப் பொருளின் தீர்ப்புக்குத் தலைவணங்குகிற அனுபவம் ஒவ்வொரு பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும். முதல் மதிப்பெண் வாங்குகிற பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும், கடைசி பெஞ்சுப் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும். மதிப்பெண் குறைந்தவனுக்குத் தண்டனையாகப் பட்டறை, மதிப்பெண் மிகுந்தவனுக்குப் பரிசாகப் புத்தகம் என்ற பங்கீடு இருக்கிற வரை நாம் இரண்டு பேரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம்.

உட்வர்டும் கோல்ஸ்டனும் அமைச்சர்கள் அல்லர், தொழிலதிபர்கள் அல்லர். உங்களைப் போல வகுப்பறையில் நின்று கணிதம் கற்பித்தவர்கள். தங்கள் பாடம் பிள்ளையின் கைக்குப் போய்ச் சேரவில்லை என்று வருந்தினார்கள். வருந்தியதோடு நிற்காமல் பள்ளியின் அமைப்பையே மாற்றிக் கேட்டார்கள். அந்த உரிமையும் பொறுப்பும் உங்களுக்கும் உண்டு. உங்கள் பள்ளியில் கணித ஆசிரியரும் பட்டறை ஆசிரியரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு பாடத்தைச் சேர்ந்து எழுதத் தொடங்குங்கள். சட்டமும் கட்டடமும் பின்னால் வரட்டும். புரூக்ளினிலும் யோசனைதான் முதலில் வந்தது, கட்டடம் பதினைந்து ஆண்டு கழித்துத்தான் வந்தது.